ஆமென்: நீங்கள் கேட்டுவிட்டுப் போன சொல்

பாசமுள்ள பீர் முகமது மாமாவுக்கு,

'நலமா' என்று எழுதிவிட்டு அடித்தேன். இத்தனை வருடப் பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது. அடித்த இடத்தில் வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போதும் தெரியவில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே போகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்க மலருக்கு உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "நீங்க எழுதாம வேற யாரு சார் எழுதுவா, ஒரே ஸ்டாஃப் ரூம்ல எதிரெதிர உக்காந்தவக" என்றார் செயலாளர். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு மறுக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். 'அன்னார் வரலாற்றுப் பாடத்தைச் சுவைபட நடத்துவார்' என்று ஆரம்பித்தேன். அந்த அன்னார் யாரோ ஒரு மனிதராக இருந்தார். தாளைக் கிழித்துவிட்டேன். உங்களைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை மாமா. உங்களுக்கே எழுதிவிடுகிறேன். மலரைப் படிப்பவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

அவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் உத்தமபாளையத்துக்கு ஆங்கில ஆசிரியனாக வந்து சேர்ந்த புதிதில், ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனீர்கள். ஜைத்தூன் அக்கா கஞ்சியும் துவையலும் வைத்துவிட்டு, "கூச்சப்படாமச் சாப்பிடுங்க தம்பி" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. அக்காவின் வீட்டுக்காரர் மாமா. நீங்கள் பள்ளிவாசலுக்குப் போகிறவர், நான் திருநீறு பூசுகிறவன் என்பதெல்லாம் நம் பள்ளத்தாக்கில் முறை வைத்துக் கூப்பிடுவதற்கு ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை.

நீங்கள் கடைசியாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். அதற்குப் பதில் கிடைத்துவிட்டது மாமா. பதிலை எப்படிச் சொல்லவேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டீர்கள். அந்த நிபந்தனைதான் இத்தனை நாளாக என் தொண்டையில் நிற்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு நமக்கு ஒரு விளையாட்டு இருந்தது. விடிந்ததும் வாய்க்கால் கரையில் நடந்துபோய் மருதமரத்து மதகில் உட்காருவோம். ஒருநாள் நீங்கள், ஒருநாள் நான், ஆளுக்கொரு ஆங்கிலச் சொல்லைக் கொண்டுவரவேண்டும். அது எந்த ஊரில் பிறந்தது, யார் யார் வாய் வழியாக வந்தது என்று கண்டுபிடிக்கவேண்டும். சிறுவயதில் மதரசாவில் படித்த அரபி உங்களிடம் இருந்தது. என்னிடம் தலையணை கனத்துக்கு ஓர் அகராதி இருந்தது. மேகஸின் என்ற சொல் அரபியில் சரக்குக் கிடங்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று தெரிந்த நாளில் உங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. "இனிமே நீ மேகஸின்னு சொல்றப்பல்லாம் எனக்கு ஒரு சலாம் வச்சுட்டுச் சொல்லணும் மாப்ளே" என்றீர்கள். மறுநாள் நான் கேட்டமரான் என்ற சொல்லைக் கொண்டுவந்தேன். கட்டுமரத்தை வைத்து உங்களை மடக்கியதில் எனக்கு ஒரு வாரம் தாங்கும் சந்தோஷம்.

பிறகு உங்கள் காது மந்தமாயிற்று. என் கண்ணில் புரை விழுந்தது. கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வரும் ஜீப்புகள் அந்த நேரத்தில்தான் கண்மண் தெரியாமல் ஓடும். ஹாரன் சத்தம் உங்களுக்குக் கேட்காது. நான் உங்கள் முழங்கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுப்பேன். பாதையில் கிடக்கும் கல்லும் குழியும் எனக்குத் தெரியாது. நீங்கள் என் கையை அழுத்துவீர்கள். "ஒனக்குக் கண்ணு இல்ல, எனக்குக் காது இல்ல. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு ஆளு தேறும்" என்பீர்கள். அப்படியே கையைக் கோத்துக்கொண்டு நடந்தோம். எதிரே வரும் பால்காரர், "என்ன வாத்தியாருகளா, கல்யாண ஊர்கோலமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். உங்களுக்கு அது கேட்காது. நான் சொல்லவும் மாட்டேன்.

என் குரல் உங்களுக்குக் கேட்காமல் போனதுதான் எனக்குப் பெரிய துயரம். என் குரல் பிறவியிலேயே அப்படி. வகுப்பில் முதல் இரண்டு பெஞ்சுக்கு மேல் போகாது. கடைசி பெஞ்சுப் பையன்கள் என் பாடத்தைப் புத்தகத்தில் படித்துத்தான் தேறினார்கள். மற்றவர்கள் கத்தினால் உங்களுக்குக் கொஞ்சம் கேட்டது. நான் கத்தினால் எனக்கே கேட்கவில்லை. ஒருநாள் பேசவந்ததை நாளிதழ் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். வாங்கிப் படிக்காமல் மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டீர்கள். "எழுதிக் காட்டாத மாப்ளே. நான் என்ன டெபுடி கலெக்டரா, மனு குடுக்குற. வாயத் தெறந்து பேசு."

பள்ளிவாசலில் நடந்ததையும் நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். தொழுகை முடிந்து ஹஜ்ரத் கையேந்தி துஆ கேட்கிறார். அவர் ஒவ்வொரு வேண்டுதலாகச் சொல்ல, கூட்டம் ஆமீன் சொல்லவேண்டும். அவர் சொல்வது உங்களுக்குக் கேட்கவில்லை. பக்கத்து ஆள் உதடு அசைவதைப் பார்த்துச் சொன்னால், எல்லோரும் சொல்லி முடித்த அமைதியில் உங்கள் ஆமீன் மட்டும் தனியாக, கணீரென்று விழுகிறது. "பின்னால ஒரு பய சொல்றான் மாப்ளே, மொத பஸ்ஸ விட்டுட்டு பெரியவரு ரெண்டாவது பஸ்ஸுல வர்றாருன்னு." சொல்லிவிட்டு மதகு அதிரச் சிரித்தீர்கள். சிரித்து முடித்தபின் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். சொன்னாலும் கேட்டிருக்காது என்று நினைத்து இருந்துவிட்டேன்.

நான் கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கிளம்புவதற்கு முன்தினம் சொல் கொண்டுவரும் முறை உங்களுடையது.

"மாப்ளே, ராயப்பன்பட்டியில ஒரு கல்யாணத்துக்குப் போனேன்ல. சாமியாரு ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல எல்லாரும் ஆமென் ஆமென்ங்கிறாக. உதட்டப் பாத்தே புரிஞ்சுக்கிட்டேன். எனக்கும் பழக்கத்துல ஆமீன்னு வந்திருச்சு. பக்கத்துல இருந்த ஆளு ஒரு மாதிரியாப் பாக்குறாரு. இதுதான் இன்னைக்குச் சொல்லு. அவுக ஆமெனும் எங்க ஆமீனும் ஒரு வீட்டுப் பிள்ளைகளா? இல்ல, மூஞ்சி மட்டும் ஒண்ணு போலவா?"

"எபிரேயம்னு நெனைக்கிறேன். சரியாத் தெரியல. பாத்துத்தான் சொல்லணும்" என்றேன்.

"எனக்கென்னமோ நம்ம தமிழ்தான்னு தோணுது. ஆம்ங்கிறத எவனோ கப்பல்ல ஏத்திட்டுப் போயிட்டான்."

"அதுக்கு ஆதாரம் வேணும் மாமா."

இதை மட்டும் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டீர்கள். "ஆதாரத்த நீ தேடு. நான் ரிட்டயர்டு."

எழுந்து நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நிபந்தனையைச் சொன்னீர்கள். "கண்ணு தெளிஞ்சு வந்து அகராதியப் பாத்துச் சொல்லு. ஆனா வாயால சொல்லு. எனக்குக் கேக்குற மாதிரி சொல்லு. ஒரு தடவையாச்சும் ஒன் சத்தத்தக் கேட்டுருறேன்."

என் வீட்டு முக்கில் நின்று கையசைத்தீர்கள். எனக்கு ஒரு வெள்ளைச் சட்டையும் அதற்குமேல் பழுப்பாக ஒரு மூட்டமும்தான் தெரிந்தது. அந்த மூட்டம்தான் உங்கள் முகம் என்று கையசைத்தேன்.

ஆபரேஷன் ஆன மறுநாள் காலை, கட்டை அவிழ்த்துக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். "தலை குளிக்கக்கூடாது, குனியக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது அய்யா. அழுகை கிழுகைன்னு எதுவும் வச்சுக்காதீங்க" என்றார் நர்ஸம்மா. எனக்கு அழ என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைக்கும்போதுதான் என் மகனுடைய செல்போன் அடித்தது. உங்கள் மகன் ஷாஜகான்.

"மாமா, அத்தா மௌத்தாயிட்டாக மாமா. விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு வந்து டீ கேட்டாக. அம்மா ஆத்திக் குடுக்குறதுக்குள்ள சாஞ்சுட்டாக."

ஊருக்குப் போகவேண்டும் என்றேன். பயணம் கூடாது என்றார்கள். என் மகனும் வேண்டாம் என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக டாக்டர் சொன்னதை மீறினேன் மாமா. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். குலுங்காமல் இருக்க மகன் என் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். உசிலம்பட்டி தாண்டும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆண்டிபட்டிக் கணவாயில் ஒரு தேங்காய் லாரி அச்சு முறிந்து ரோட்டை மறித்து நின்றது. வண்டிகள் முன்னாலும் பின்னாலும் சேர்ந்துகொண்டே போயின. மறுபடியும் ஷாஜகான்.

"எங்கன வர்றீக மாமா?"

"கணவாயில நிக்கிறோம்ப்பா."

"சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் எடுக்கணும்ங்கிறாக. மழை வேற கறுத்து நிக்கிது. மையத்த வச்சுக்கிட்டு இருக்கக்கூடாதுன்னு பெரியாளுக சொல்றாக. நான் கொஞ்சம் நேரத்தத் தாட்டிப் பாக்குறேன் மாமா."

தாட்டிப் பார்த்திருக்கிறான். யாரோ வரவேண்டியிருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, உங்களைக் கிடத்திய சந்தூக்கை வாசலில் இறக்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். தூறல் விழ ஆரம்பித்தபின் அவனால் முடியவில்லை. மையத்தைச் சீக்கிரம் மண்ணில் சேர்த்துவிடவேண்டும் என்பது உங்கள் வழக்கம். அது எனக்குத் தெரியும். எத்தனையோ ஜனாஸா ஊர்வலங்களில் உங்களோடு நடந்திருக்கிறேன். அந்த அவசரம் நல்லது என்றுகூட ஒருமுறை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். காத்திருக்கும் துன்பம் யாருக்கும் இல்லை பாருங்கள் என்று.

நான் வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. கூட்டம் கலைந்து எதிரே வந்துகொண்டிருந்தது. ஷாஜகான் என்னைக் கட்டிக்கொண்டான். மையவாடியில் உங்கள் மண்மேட்டைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்த ராவுத்தர் என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"வாங்க வாத்தியாரே. நீங்களும் மூணு பிடி போடுங்க. மண்ணு எங்கயும் ஓடிறல."

நான் தயங்கி நின்றேன். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். "கண்ணு ஆபரேசனா? குனியாதீக, குனியாதீக" என்று அவரே குனிந்து ஈர மண்ணை அள்ளி என் கையில் வைத்தார். மூன்று பிடி. ஒவ்வொன்றாக அவர் எடுத்துத் தர நான் போட்டேன். "சொல்றதுக்கு ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க" என்றார். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நான் அழவில்லை மாமா. அழக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து வேளை தவறாமல் சொட்டுமருந்து விட்டுக்கொண்டேன். நேராகப் படுத்தேன். சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். அப்படித்தானே நான் எப்போதும்.

கண்ணாடியைக் கழற்றிய நாளில் மேகமலையைப் பார்த்தேன். மலை இவ்வளவு நீலம் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. தெருவில் போகிறவர்களின் முகச் சுருக்கம், சட்டைப் பொத்தான், எல்லாம் தெரிந்தது. முன்பின் தெரியாதவர்களின் முகமெல்லாம் இத்தனை துலக்கமாகத் தெரிய, உங்கள் முகத்தை மட்டும் நான் கடைசியாக மூட்டமாகத்தானே பார்த்தேன். புதுக் கண்ணை வைத்துக்கொண்டு நான் யாரைப் பார்ப்பது?

ஒரு சேதி. பொட்டிப்புரத்துப் பக்கம் மலையைக் குடைந்து ஏதோ விஞ்ஞானக் கூடம் கட்டப்போவதாகப் பேச்சு. எதிலும் மோதாமல், எதையும் தொடாமல், மலையையே ஊடுருவிப் போகிற ஒரு துகள் இருக்கிறதாம். யார் கண்ணுக்கும் காதுக்கும் அகப்படாதாம். அதைப் பிடிக்க மலைக்கு அடியில் காத்திருப்பார்களாம். வாசித்ததும் உங்கள் குரல் காதில் விழுந்தது. "அட, ஒன் சத்தம் மாதிரி மாப்ளே." வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

படிக்கலாம் என்று டாக்டர் அனுமதி தந்த அன்றே அகராதியை எடுத்தேன். இனி பதிலைச் சொல்கிறேன். நான் எபிரேயம் படித்தவன் இல்லை. மூன்று அகராதிகளை ஒப்பிட்டுப் பார்த்து, தெரிந்த ஒரு பாதிரியாரிடமும் கேட்டு, எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். தப்பிருந்தால் அது என் தப்பு.

முதலில் கசப்பான செய்தி. நம் 'ஆம்' கப்பலேறியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்து. கிரேக்கர்கள் எபிரேயத்திலிருந்து எடுத்தார்கள். இத்தனை கை மாறியும் யாரும் அதை மொழிபெயர்க்கவில்லை. எடுத்தவர்கள் அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஆமீனும் அந்தக் குடும்பம்தான் மாமா. நேரே எபிரேயத்திலிருந்து வந்ததா, சிரியாக் மொழி வழியாக வந்ததா என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே ஒரே முடிவு இல்லை போலத் தெரிகிறது. ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான். நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். கல்யாணத்தில் உங்களைத் திரும்பிப் பார்த்த மனிதருக்குத்தான் தெரியவில்லை.

அந்த வீட்டில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் தெரியுமா? இறைநம்பிக்கையைச் சொல்லும் உங்கள் ஈமான் இருக்கிறது. ஒருவரை நம்பி ஒன்றை ஒப்படைத்தால் அமானிதம் என்பீர்களே, அதுவும் இருக்கிறது. நம்பிக்கையானவர் என்று பொருள்படும் அமீன் இருக்கிறது. அதிலிருந்து வந்தவர்தான் நம் ஊர்க் கோர்ட்டு அமீனா. ஜப்தி உத்தரவோடு அவர் தெருவில் நுழைந்தால் ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு ஊர் பின்வாசல் வழியாக ஓடுமே, அவருடைய பெயருக்கு அர்த்தம் நம்பத் தகுந்தவர். இதை மதகில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நீங்கள் எவ்வளவு நேரம் சிரித்திருப்பீர்கள்? அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் நான் இழந்தேன்.

இந்தச் சொற்களுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு வேர். அசையாமல் நிற்பது, தாங்குவது என்று அதற்குப் பொருள். வீட்டைத் தாங்கும் தூணுக்கும் அந்த வேரிலிருந்து ஒரு சொல். பிள்ளையைக் கையில் ஏந்தி வளர்ப்பவருக்கும் அதே வேரிலிருந்து ஒரு சொல். 'அப்படியே ஆகட்டும்' என்று வேண்டிக்கொள்ளும் சொல் என்றுதான் நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அது மட்டுமில்லை, இன்னொருவர் சொன்ன சொல்லுக்கு அண்டை கொடுத்து நிறுத்துகிற சொல் அது. முதலில் பேசுபவர் ஒருவர். அது விழாமல் தாங்குபவர் இன்னொருவர். சொந்தமாக வேண்டிக்கொள்ளத் தெரியாதவர்கள், பிறர் வேண்டும்போது ஆமென் சொன்னாலே போதும், வேண்டியது போலத்தான் என்று அந்தக் காலத்து எபிரேயர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் அகராதியை மூடிவிட்டேன். முன்வந்து பேசத் தெரியாத என்னைப் போன்றவர்களையும் நினைத்து ஒரு சொல்லை வைத்திருக்கிறார்களே.

பாதிரியார் சொன்ன இரண்டு சேதிகளையும் சொல்லிவிடுகிறேன். எபிரேயர்களின் பழைய கதை ஒன்றில், ஒரு பெரியவர் மலைமேல் கையை உயர்த்தி நிற்கிறார். கை உயர்ந்திருக்கும்வரை கீழே போரிடும் அவருடைய மக்கள் தோற்கமாட்டார்கள். வயதான கை, சோர்ந்து இறங்குகிறது. இரண்டு பேர் இருபுறமும் நின்று தாங்கிப் பிடிக்கிறார்கள். பொழுது சாயும்வரை அந்தக் கைகள் அசையாமல் நின்றன என்று வருகிறது. அந்த 'அசையாமல்' என்பதற்கு இதே வேரில் பிறந்த சொல். அந்தப் பெரியவர் யாரென்று, அவரை நபியாகக் கொண்டாடும் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எனக்கு வாய்க்கால் கரைதான் ஞாபகம் வந்தது. ஜீப் வரும்போது நான் பிடித்த உங்கள் கை, கல் வரும்போது நீங்கள் அழுத்திய என் கை. பொழுது சாய்ந்த அன்று மட்டும் நான் பக்கத்தில் இல்லை.

இன்னொன்று. எகிப்துக் கடற்கரையில் யூதர்களுக்கு அத்தனை பெரிய தொழுகைக்கூடம் இருந்ததாம். வேண்டுபவரின் குரல் பின்னால் இருப்பவர்களுக்கு எட்டாதாம். அதனால் ஒருவர் நடுவில் நின்று துணியை உயர்த்தி அசைப்பாராம். துணியைப் பார்த்ததும் கேட்காதவர்களும் எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொல்வார்களாம். யாருடைய குரலும் பிந்தி விழாது.

எத்தனை சின்ன ஏற்பாடு மாமா. பள்ளிவாசல் வாசலில் நின்று என் தோள்துண்டை அசைக்க என்னால் முடிந்திருக்காதா? நீங்கள் இரண்டாவது பஸ்ஸில் வந்ததைச் சொல்லிச் சிரித்தபோது இது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே.

போன வாரம் உங்கள் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. ஷாஜகான் வீட்டுக்கே வந்து அழைத்தான். நான் அங்கே என்ன செய்வது, வந்தால் யாருக்காவது சங்கடமாக இருக்குமா என்று கேட்டேன். "என்ன மாமா பேசுறீக. ஒங்களுக்காகத்தான அன்னைக்கு மையத்தயே வச்சுக்கிட்டு நின்னேன்" என்றான். போனேன்.

தெருவில் பந்தல். கடைசி வரிசையில், பந்தல் கால் ஓரமாக உட்கார்ந்தேன். ஓதி முடித்ததும் ஹஜ்ரத் கையேந்தித் தமிழில் கேட்டார். பீர் முகமது வாத்தியாரின் பிழைகளைப் பொறுப்பாயாக. ஆமீன் என்றது கூட்டம். அவருடைய கபுரை, அந்த மண்ணறையை, விசாலமாக்குவாயாக. ஆமீன். அவருடைய பிள்ளைகளுக்குப் பொறுமையைத் தருவாயாக. ஒவ்வொன்றுக்கும் என் உதடு அசைந்தது. சொல்லின் வேர் முழுவதும் எனக்குத் தெரிந்திருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக்கூடக் கேட்டிருக்காது.

எல்லோரும் சாப்பிட எழுந்தபிறகு, அக்காவிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று உள்ளே போனேன். அக்கா இத்தாவில் இருக்கிறார். கணவரை இழந்த பெண் அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் இருக்கவேண்டிய காலம். கஞ்சி ஊற்றிய கை, தம்பி என்று கூப்பிட்ட வாய். ஆனால் கணக்குக்கு நானும் அந்நியன்தான். நடுவில் பச்சைத் திரை தொங்கியது. இந்தப் பக்கம் நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காராமல் நின்றேன்.

"யாரு, தம்பியா?"

"ஆமாக்கா."

"கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லாத் தெரியுதுக்கா."

"அவுக மௌத்தாகுறதுக்கு மொத நாள் ராத்திரிகூடச் சொன்னாக. மாப்ளைக்குக் கண்ணு தெளிஞ்சதும் மொதல்ல என் மூஞ்சியப் பாத்துட்டுப் பயப்படப் போறான்னு." பிறகு கேட்டார்: "துஆவுல ஆமீன் சொன்னீகளா தம்பி?"

"சொன்னேன்க்கா."

"இங்கன எல்லார் சத்தமும் கேட்டுச்சு. ஒங்க சத்தம் வருதான்னு காதக் குடுத்துக்கிட்டே இருந்தேன். வரல."

"மெதுவாச் சொன்னேன்க்கா."

"மெதுவாவா?" என்றார் அக்கா. குரல் உடைந்தது. "அவுகளுக்குக் காது மந்தம்னு ஒங்களுக்குத் தெரியாதா தம்பி?"

அக்கா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு, யாரிடமோ சாதாரணமாகப் பேசுவதுபோல மெல்லச் சொன்னார்: "எனக்கு ஹஜ்ரத் மாதிரி நீளமாக் கேக்கத் தெரியாது. அவுக இருக்குற எடத்துல இருட்டு இல்லாம இருக்கணும். தனியாக் கெடக்குறோம்னு அவுகளுக்குத் தோணக்கூடாது. அம்புட்டுத்தான் அல்லா."

சொல்லிவிட்டு நிறுத்தினார். காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த வேண்டுதல் திரைக்கும் எனக்கும் நடுவில் நின்றது. தாங்க அங்கே வேறு யாரும் இல்லை.

"ஆமீன்" என்றேன்.

அது என் குரல்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. சமையல் கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. பந்தலில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஷாஜகான் தண்ணீர்ச் செம்போடு வாசலில் வந்து நின்றான். திரைக்குப் பின்னால் அக்கா, "இப்பக் கேட்டுருக்கும்" என்றார். அழக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் விதித்த கெடு அதற்குள் முடிந்திருந்தது மாமா. அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உங்களுக்குக் கேட்டதா? எல்லோரும் சொல்லி முடித்தபிறகு, தனியாக, பிந்தி விழுந்த ஓர் ஆமீன். இரண்டாவது பஸ்ஸில் வந்தவன் இந்த முறை நான்.

இப்போதும் விடிந்ததும் மதகுக்குப் போகிறேன். கல்லும் குழியும் நன்றாகத் தெரிகிறது. பிடிக்கக் கை இல்லாமல்தான் தடுமாறுகிறேன். ஜைத்தூன் அக்கா திரைக்கு வெளியே வரும் நாள் வரை, வாரம் ஒருமுறை அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் போய் நிற்பேன். அவர் என்ன கேட்டாலும் ஆமீன் சொல்ல ஓர் ஆள் இருக்கும். அதற்குப் பிறகும் இருக்கும். மதகில் தினமும் ஒரு சொல் கொண்டுபோய், அது எங்கே பிறந்தது, யார் வாய் வழியாக வந்தது என்று உங்களுக்கு முழுசாகச் சொல்வேன். உங்கள் முறை வரும் நாளிலும் நானே சொல்வேன். எழுதிக் காட்டமாட்டேன். பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தாலும் பார்த்துவிட்டுப் போகட்டும், உங்களுக்குக் கேட்கிற மாதிரி வாயைத் திறந்து சொல்வேன்.

இப்படிக்கு,
ஜைத்தூன் அக்காவின் தம்பி,
உங்கள் மாப்ளே
சுந்தரராசன்